வைடா மகனுக்குக் காது கேட்காது

எங்கள் ஊரில் ஒருவன் திருடினால் நாலு நாளில் மறந்துவிடுவார்கள். கட்டியவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனால் சிரித்துவிட்டுப் போவார்கள். காலையில் எதிரே வந்த பெரியவருக்கு வணக்கம் சொல்லாமல் போனால் மட்டும் அவனைப் பெற்றவளை வம்சத்தோடு இழுத்து வைத்துப் பேசுவார்கள். குமாசி நகரில் பிறந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதுதான் சட்டம்.

வைடா அப்படி இழுபட்டவள். கெஜெட்டியா சந்தையில் என் பாத்திரக் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. குழந்தைகளின் பழைய துணி விற்பாள். வாயைத் திறந்தால் போகிற ஆள் நின்று வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், அப்படி ஒரு வாய். ஆனால் மகன் ஓச்செரேயோடு தெருவில் இறங்கினால் அந்த வாய் ஒட்டிக்கொள்ளும், தலை தானாகக் கவிழும். பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பனைமரம் மாதிரி வளர்ந்திருந்தான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். வணக்கம் சொன்னால் பதில் வராது. யாருமே கேட்காத நேரத்தில் தண்ணீர் லாரியின் எஞ்சினைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவான்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. வாத்தியார் உள்ளே வந்தால் வகுப்பு முழுக்க எழுந்து ஒரே ராகத்தில் வணக்கம் பாட வேண்டும். அத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்துவது ஓச்செரேக்குத் தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். வாத்தியாருக்கு என்ன தெரியும், பிரம்பு தெரியும். பிறகு மந்தமான பிள்ளைகள் என்று சொல்லித் தனியாக வைத்திருந்த வகுப்பில் தள்ளினார்கள். செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிற பையனை அங்கே உட்கார்த்தி மணி கோக்கச் சொன்னார்கள். கோத்தான், வருஷக்கணக்கில் கோத்தான். வைடா கெஞ்சிக் கூத்தாடிப் பழைய வகுப்புக்கு மாற்றி, பையன் பரீட்சையும் தேறி, உயர்பள்ளி விடுதிக்குப் பெட்டியும் மெத்தையுமாக அனுப்பி வைத்தாள். இரண்டாம் வாரமே பெட்டி, மெத்தை, பையன் மூன்றும் திரும்பி வந்தன. விடுதியின் மாணவத் தலைவன் எதிரே வந்தபோது ஒதுங்கி நின்று வணக்கம் சொல்லவில்லையாம். மண்டியிட வைத்ததில் முட்டி இரண்டும் தோலுரிந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்திதான் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னாள். இது நோயில்லை, பிறவி இப்படி, பொருத்தமான படிப்பும் பொருத்தமான வேலையும் கிடைத்தால் பையன் நன்றாக இருப்பான் என்றாள். அது எங்கே கிடைக்கும் என்று வைடா கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெயரை வைடா என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன? புரியாத பெயரை எங்கள் ஊர் தனக்குப் புரிந்த பெயராக மாற்றிக்கொள்ளும். ஏற்கெனவே புருஷன் வீட்டார் இவனை ஆற்றுப்பிள்ளை என்றார்கள். ஆறு கொடுத்த பிள்ளை, ஆற்றிலேயே கொண்டுபோய் விட்டுவிடு என்று பச்சைக் குழந்தையை மடியில் வைத்திருந்தவளிடம் சொன்னார்கள். புருஷனும் அந்தப் பேச்சோடேயே போனவன்தான், திரும்பவில்லை.

விடுதியிலிருந்து வந்த பிறகு தொழில் பழக விட்டாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரன் திருப்பி அனுப்பினான். கைபேசிக் கடைக்காரன் திருப்பி அனுப்பினான். தையல்காரன் ஒருவன் அவனைக் கூட்டிக்கொண்டே சந்தைக்கு வந்து, எங்கள் வரிசை முழுக்கக் கேட்கும்படி, “கை நல்லா ஓடுதும்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா வாடிக்கையாளர் வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறான். பெத்தா மட்டும் போதுமா, வளக்க வேணாமா?” என்று கேட்டுவிட்டுப் போனான். வைடா குனிந்து, மடித்திருந்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஆளைப் பாத்திரத்தால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் சுவாமேயில் டோன்கோர் மாஸ்டரின் பட்டறை. கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் உறை தைத்துப் போடுகிற இடம். எங்கள் வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன்தான் தொழிலுக்குக் கையளிக்க வேண்டும். வைடாவின் அண்ணன் ஃப்ரிம்போங் ஒரு பாட்டில் சாராயத்தோடும் ஒரு பெட்டி சோடாவோடும் வந்தார். துணைக்கு நானும் போனேன். மாஸ்டர் தொந்தியும் சிரிப்புமாக இருந்தார். பாட்டிலைத் திறந்து தரையில் நாலு சொட்டு ஊற்றி, போய்ச் சேர்ந்த பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இந்தப் பிள்ளையை உங்கள் சாட்சியாக வாங்கிக்கொள்கிறேன் என்றார். பிறகு ஓச்செரே பக்கம் திரும்பினார்.

“என்னடா மகனே, நல்லா இருக்கியா?”

ஓச்செரே சுவரில் தொங்கிய ரெக்சின் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்னைத்தான்பா.”

ஓச்செரே ரெக்சினைத் தொட்டுப் பார்த்தான். பட்டறையில் இருந்த பையன்கள் கத்தரிக்கோலை நிறுத்தினார்கள். ஃப்ரிம்போங் தன் செருப்பை ஆராய்ந்தார். மாஸ்டரின் சிரிப்பு வாய் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வருவதை நான் பார்த்தேன், வைடாவும் பார்த்தாள். நாலாவது தடவையாகப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கிற தெரு அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அவனுக்குக் காது கேக்காது மாஸ்டர்,” என்றாள். “பேச்சும் வராது.”

மாஸ்டரின் முகம் உடனே இளகிவிட்டது. “ஐயோ பாவம். முதல்லயே சொல்லக் கூடாதா? அதுக்கென்ன, கை இருக்குல்ல.” ஒரு மடக்குக் குடித்துவிட்டு கிளாஸை ஃப்ரிம்போங்கிடம் நீட்டினார். தரையில் ஊற்றிய சாராயம் இன்னும் காயவில்லை. அதற்கு முன்னால் நின்று தங்கை சொன்ன பொய்யோடு சேர்த்து ஃப்ரிம்போங் தன் மடக்கை விழுங்கினார்.

வெளியே வந்ததும் வைடா மகனிடம் சொன்னாள்: “இங்க வந்தா வாயைத் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. புரியுதா?”

“எதுவரைக்கும்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்று அவளிடம் சொன்னேன். “அந்த எட்டு நாள் சோறு கிடைக்கட்டும் அக்கா,” என்றாள். ஆனால் எட்டு நாளில்லை, மழைக்காலம் போய், புழுதிக்காற்று வந்து, அதுவும் போயிற்று. பொய் அசையாமல் நின்றது.

உண்மையைச் சொல்ல வேண்டும், பையனுக்கு அந்த இடம் ஒத்துக்கொண்டது. வணக்கம் சொல் என்று யாரும் பிடுங்கவில்லை. முகத்தைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்பவில்லை. பழைய சீட்டின் உறையை உரித்து, அதை வைத்தே புதுசுக்கு அளவு வெட்டி, தைத்து, இழுத்து மாட்டுவான். பசை வாடை மட்டும் ஆகாது, அந்த வேலைக்கு வேறு பையன் வருவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எந்தக் காரின் சீட்டில் எத்தனை கொக்கி என்று அம்மாவிடம் சொல்வான். அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே உம் கொட்டுவாள். அந்த மாதங்களில்தான் வைடா நிமிர்ந்து நடந்து நான் பார்த்தேன். “என் மகன் சுவாமேயில வேலை பழகுறான்” என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

சந்தேகப்பட்டவன் ஒருவன் இருந்தான். மூத்த கையாள் ஃபிஃபி. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷின் ஓடினால் ஓச்செரே காதைப் பொத்திக்கொள்வான்.

“மாஸ்டர், செவிடன் எதுக்குக் காதைப் பொத்துறான்?” என்று ஃபிஃபி கேட்டானாம்.

“காதுல வலி இருக்கும்டா. உனக்கு மூளை இருக்கிற இடத்துல வலியே வராத மாதிரி,” என்றாராம் மாஸ்டர். பட்டறை சிரித்தது. அதோடு போயிற்று.

கடைசியில் கவிழ்த்தது பகை இல்லை, மாஸ்டரின் நல்ல மனசுதான். ஒருநாள் வைடாவைப் போனில் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன், அவர் குரலுக்குப் போனே வேண்டாம்.

“ஓச்செரேம்மா, உனக்கு ஒரு நல்ல சேதி. டாஃபோவுல ப்ரிசில்லான்னு ஒரு பொம்பளை, ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவ. சோபாவுக்கு உறை போடக் குடுத்திருக்கா. அவளுக்கும் காது கேக்காது. கையாலயே பேசுறா, என்ன அழகு தெரியுமா. உன் மகனைப் பத்திச் சொன்னேன். நாளைக்கு வரேன்னு எழுதிக் காட்டிட்டா. பாவம், அவனுக்கும் பேச ஒரு ஆள் வேணாமா?”

“ரொம்ப சந்தோஷம் மாஸ்டர்,” என்றாள் வைடா. போனை வைத்ததும், “மாட்டிக்கிட்டேன் அக்கா,” என்றாள் என்னிடம்.

மறுநாள் காலை மகனுக்குக் காய்ச்சல் என்று முடிவு செய்தாள். அதை மகனிடம் சொன்னதுதான் தப்பு.

“எனக்குக் காய்ச்சல் இல்ல.”

“இருக்குடா. படு.”

அவன் போய் மருந்துப் பெட்டியிலிருந்து காய்ச்சல் பார்க்கிற கருவியை எடுத்து வாயில் வைத்து, நேரம் பார்த்து, எடுத்து அவளிடம் காட்டினான். “இல்ல,” என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வேலைக்குப் போகிற நாளில் வேலைக்குப் போவான், அவ்வளவுதான். வைடா கடையைத் திறக்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ப்ரிசில்லா வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத நீலச் சட்டை. முகம் முழுக்கச் சந்தோஷம். வெளியூரில் தன் ஊர்க்காரனைக் கண்டவள் மாதிரி ஓச்செரேயின் முன்னால் போய் நின்று கைகளை அசைத்தாள். ஓச்செரே அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான். அவன் ஒன்றை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு தன் கைகளைத் தூக்கி, அவள் செய்ததை அச்சு மாறாமல் செய்தான்.

மாஸ்டர் என் தோளில் தட்டினார். “பாத்தியாம்மா, பேசிக்கிறாங்க.”

ப்ரிசில்லா வேறொன்று காட்டினாள். அவன் அதையும் அப்படியே திருப்பினான். மூன்றாவது தடவை அவள் கைகள் பாதியில் நின்றன. உன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள், உன் பெயர் என்ன என்று இவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். அவளுடைய புருவம் சுருங்கியது. வைடாவைப் பார்த்தாள். வைடா கண்ணைத் தாழ்த்தினாள்.

அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஃபிஃபி பின்னாலிருந்து ஒரு சீட்டுச் சட்டத்தைத் தகரத்தின் மேல் போட்டான். நானே துள்ளிவிட்டேன். ஓச்செரே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

ப்ரிசில்லாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவனைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள், போதுமாக இருந்தது.

“ஓச்செரேம்மா,” என்றார் மாஸ்டர். குரல் தாழ்ந்திருந்தது. “பையனுக்குக் காது கேக்குதா?”

வைடா ஒரு உள்ளங்கையில் இன்னொரு கையின் புறத்தைத் தட்டித் தட்டிக் கெஞ்ச ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. “கேக்கும் மாஸ்டர். பேசவும் வரும். நான்தான் பொய் சொன்னேன். வணக்கம் சொல்லலைன்னு எல்லாரும் தொரத்துறாங்க. இந்த இடமும் போயிடும்னு பயந்து சொல்லிட்டேன். நான் செஞ்சது தப்பு, என்னை என்ன வேணா சொல்லுங்க.”

“தரையில ஊத்திப் பெரியவங்களைக் கூப்பிட்டேன். அவங்க முன்னாடி நின்னுக்கிட்டா சொன்னே?”

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ப்ரிசில்லா தன் போனில் எதையோ எழுதி வைடாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். வைடா படித்துவிட்டு அதை என்னிடம் தள்ளினாள்.

‘என் காது கேக்காதது என்ன, சாவு வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போக இரவல் வாங்குற துணியா?’ என்று எழுதியிருந்தது.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வைடாவின் வெட்கம் என் காதுவரை சுட்டது. சும்மா துணைக்கு வந்தவள் நான், எனக்கே அப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

“எழுந்திருடா,” என்றார் மாஸ்டர் ஓச்செரேயிடம். “பேசு பாக்கலாம்.”

அவன் எழுந்தான், பேசவில்லை.

“இன்னும் என்ன நடிப்பு?” என்றான் ஃபிஃபி.

ஓச்செரே அம்மாவின் செருப்பைப் பார்த்தபடி நின்றான். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவள் சொல்கிற வரைக்கும் பேச மாட்டான். வைடாவுக்கும் புரிந்தது. இத்தனை பேர் நடுவில் அந்தப் பூட்டைப் போட்டவளே திறக்க வேண்டும்.

“பேசுப்பா,” என்றாள். “இனிமே பேசலாம்.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்.”

ஓச்செரே மூச்சை இழுத்துவிட்டான்.

“ ‘மாஸ்டரோட தொந்திக்குத் தனியா ஒரு டாக்ஸி பிடிக்கணும்.’ ஃபிஃபி சொன்னது,” என்றான். ஃபிஃபியின் குரல், ஃபிஃபியின் இழுப்பு, அப்படியே வந்தது. பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

“ ‘இந்த ஊமை மூமூவோட சோத்துல கொஞ்சம் மணல் போடு, கத்துறானான்னு பாக்கலாம்.’ ஃபிஃபி சொன்னது. போட்டாங்க. நான் கத்தலை. பேசாதேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. ‘இவனைப் பெத்ததுக்கு ஒரு ஆட்டைப் பெத்திருந்தா வித்தாவது இருக்கலாம்.’ பசை போடுற தம்பி சொன்னது.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஃபிஃபி வெளியே போகிற மாதிரி நகர்ந்தான், போகவும் முடியாமல் நின்றான். ஓச்செரேயின் குரலில் கோபம் இல்லை. கொக்கிக் கணக்குச் சொல்கிற அதே குரல்தான்.

“ ‘ஊமைப் பய இருக்கிறதுதான் சவுகரியம். வாய் இருந்தா தொழில் முடிச்சு விடுதலை எப்போ, தலையில பவுடர் கொட்டி அனுப்புறது எப்போன்னு கேப்பான். இவனுக்கு எதுக்கு அதெல்லாம்? எத்தனை வருஷம் வேணும்னாலும் வச்சுக்கலாம், இவனுக்குப் போக்கிடம் ஏது?’ மாஸ்டர் சொன்னது. ஸ்பாஞ்சு விக்கிறவர் வந்தப்போ.”

தொழில் பழகின பிள்ளைக்குப் பவுடர் கொட்டி, வெள்ளை உடுத்தி, பாட்டும் கூத்துமாக விடுதலை கொடுப்பது எங்கள் ஊரில் கல்யாணம் மாதிரி. அதைக் கொடுக்காமலே வைத்திருக்க நினைத்தவர், நல்ல மனிதர் என்று பெயர் எடுத்த டோன்கோர் மாஸ்டர். நல்ல மனிதர்தான், இப்போதும் சொல்கிறேன். பேச ஆள் வேணாமா என்று பரிதாபப்பட்டதும் அதே வாய்தான். அவர் பக்கத்தில் இருந்த சோபாவின் கையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், வேர்க்காத இடத்தையும் துடைத்தார்.

ப்ரிசில்லா என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறான் என்று கண்ணால் கேட்டாள். அவள் போனிலேயே எழுதிக் காட்டினேன். படித்தாள். ஆச்சரியப்படவில்லை.

‘என் முன்னாடியும் இப்படித்தான் பேசுவாங்க,’ என்று எழுதினாள். ‘வாயைப் பாத்தே பாதி புரியும். புரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன்.’

பிறகு வைடாவைப் பார்த்தாள். கோபம் போயிருந்தது என்று சொல்ல மாட்டேன். பையை எடுத்துக்கொண்டு, ஓச்செரேயிடம் போய், கையால் ஒன்று காட்டினாள். அவன் திருப்பிக் காட்டினான். அவள் போய்விட்டாள். அது என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

வைடா மகனின் பையை எடுத்தாள். “வாடா, போலாம்.” அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. வணக்கம் சொல்லாதவனை வைத்துக்கொள்ளாத ஊர், சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டவனை வைத்துக்கொள்ளுமா?

ஓச்செரே நகரவில்லை. “பச்சை டொயோட்டாவோட பின் சீட்டு பாதியில நிக்குது,” என்றான். “நாளைக்கு நான் வரணுமா?”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். “வேலையில உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா…” என்று நிறுத்தினார். அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

“நான் வணக்கம் சொல்லணுமா?”

“சொல்ல வரலைன்னா விடு.”

“வராது. சில நாள் வரும். அப்ப சொல்றேன். என்னைப் பத்தி என் முன்னாடி பேசாதீங்க. எனக்கு அது பிடிக்கலை.”

இவ்வளவு பேரில் அவன் ஒருவன்தான் தனக்கு வேண்டியதைத் தலை நிமிர்ந்து கேட்டான். சரியாகச் சொன்னால் தலை குனிந்துதான் இருந்தது, குரல்தான் நிமிர்ந்திருந்தது.

“பேச மாட்டோம்,” என்றார் மாஸ்டர். “நாளைக்கு வா. விடுதலை எப்போங்கிறதை உன் மாமன் வந்தா பேசிக்கலாம். அதுக்கு அவர் பாட்டில் கொண்டு வர வேணாம், நான் வாங்கி வைக்கிறேன்.” அதற்குமேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து பின்பக்கம் போனார்.

திரும்பும்போது ட்ரோட்ரோ வேனில் நெரிசல். மூன்று பேர் சீட்டில் நாலு பேர். ஓச்செரே ஜன்னல் ஓரம், நடுவில் வைடா, இந்தப் பக்கம் நான். வேலை போகவில்லை, ஆனால் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணோம். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

“சோத்துல மணல் போட்டதை வீட்டுல சொல்லவே இல்லையேடா.”

“நீ கேக்கலை.”

“கேட்டாத்தான் சொல்வியா? இவ்வளவையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா இருந்தே?”

“ஆமா. வீட்டுல சொன்னதும் இருக்கு.”

“வீட்டுல யாரு என்ன சொன்னா?”

“நீ சொன்னது. சொல்லட்டுமா?”

ஓச்செரேக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் வைடாவின் தொடையைக் கிள்ளினேன். “வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கோ,” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வீட்டில் அவள் என்னவெல்லாம் பேசியிருக்கிறாள் என்று எனக்கும் தெரியும். பாதியை என்னிடம்தான் பேசினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது. பட்டறைக்காரர்களிடம் அவனுக்குக் காது கேட்காது என்று அவள் ஒரு பொய் சொன்னாள். வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை, அவனுக்குக் காது கேட்காத மாதிரியே நடந்துகொண்டோம்.

“சொல்லு,” என்றாள் வைடா.

“ ‘ஆண்டவரே, எனக்கு முன்னாடி இவனை எடுத்துக்கோ. நான் போயிட்டா இவனை யாரு பாப்பா?’ ” அவளுடைய ஜெபக் குரல், அந்த விம்மல்கூட அப்படியே இருந்தது. “விடுதியிலிருந்து வந்த அன்னைக்கு. அப்புறம் நிறையத் தடவை.” பிறகு தன் குரலுக்கு வந்தான். “நான் எப்ப போகணும்? அதை நீ சொல்லலை.”

காசு வாங்கிக்கொண்டிருந்த நடத்துனர் கையை நீட்டியபடி நின்றார். நான் வெளியே பார்க்கலாம் என்றால் ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தது. என் மடியையே பார்த்தேன்.

“அது அப்ப கேட்டது,” என்றாள் வைடா. “இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட?”

“ஆண்டவர்கிட்ட.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

ஓச்செரே யோசித்தான். “எனக்குக் கேக்கலையே,” என்றான்.

அவனைப் பெற்ற நாளிலிருந்து யார் காதிலும் எதுவும் விழக் கூடாது என்று வாழ்ந்தவள் அவள். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சந்தையில் ஆள் கூப்பிடுகிற குரலில், அத்தனை பேர் நடுவிலும் சொன்னாள்: “ஆண்டவரே, என் மகனை எடுத்துக்காதே. நான் கேட்டது தப்பு. அவன் இருக்கட்டும்.”

பின் சீட்டில் யாரோ ஒரு பெண் பழக்கத்தில் ஆமென் என்றாள். ஓச்செரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இப்ப கேட்டுச்சு,” என்றான்.